மல்லிகை ஏன் சாம்பல் நிறமாக விழுகிறது? பூச்சந்தைப் படங்களுக்கு உதவி வேண்டும்

வைகைக்கரை மாணவி:

வணக்கம். மதுரையில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரே இடத்தைப் பற்றி 12 படங்கள் எடுத்து இந்த மாத இறுதிக்குள் கொடுக்க வேண்டும். நான் மாட்டுத்தாவணி பூச்சந்தையைத் தேர்ந்தெடுத்தேன். துறையில் கொடுத்த கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். அதிகாலை ஐந்து மணிக்குப் போய் இருநூறு படங்கள் எடுத்தேன். பத்துகூடத் தேறவில்லை.

மல்லிகைக் குவியலை நெருங்கி எடுத்த படங்கள் எல்லாம் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. பூ கட்டும் அம்மாவின் விரல்கள் இழுபட்டுத் தெரிகின்றன (ஜூம் 55-இல்; அபர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 5.6; ஷட்டர், அதாவது ஒளி விழும் நேரம், 1/60 நொடி; ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 1600). கை அசைவை நிறுத்த 1/250-க்கு மாற்றி ஐஎஸ்ஓவை 6400 ஆக்கினேன். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் வந்தது. சிலவற்றில் குறுக்கே மஞ்சள் பட்டை.

கேமராவின் திரையில் படத்தைக் காட்டியபோது அந்த அம்மா, "நேற்றைய பூவையா எடுத்தாய்?" என்று கேட்டார். விடியுமுன் பறித்து வந்த மொட்டு அது. அந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றுக்கும் விளக்கம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். சந்தையில் நின்றபோது அவற்றில் எதைத் திருப்புவது என்று தெரியவில்லை.

கோவை அக்கா:

பட்டைக்கு நான் பதில் சொல்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/250 என்பது அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கும். எந்தத் துண்டு சிக்குகிறதோ அதற்கேற்ப வெளிச்சமும் நிறமும் மாறும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், பட்டை போய்விடும். சந்தைக்குள் இருக்கும்வரை 1/100-ஐ விட்டு நகராதே. விரல் அசைவுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

இருட்டறைக்காரர்:

அம்மா, உங்கள் கேமராவில் பழுது ஏதும் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு மல்லிகை தெரியாது, எருமையும் தெரியாது. எதிரே இருப்பது எதுவானாலும், விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல் என்று எண்ணிக்கொண்டே அது கணக்குப் போடும். படச்சட்டம் நிறைய வெள்ளைப் பூவைக் காட்டினால், 'வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். கறுப்பு எருமையைக் காட்டினால் கூட்டிவிடும். இரண்டும் ஒரே சாம்பலாக வந்து விழும். எதிரே இருப்பது வெள்ளை என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். பூ நிறைந்த படத்துக்கு +1 வையுங்கள், அதாவது ஒரு படி கூடுதல், இரு மடங்கு ஒளி. எருமைக்கு -1.

இதை நான் கற்றுக்கொண்டது 1988-இல், ஒரு கல்யாணத்தில். ஸ்டூடியோவில் உதவியாளாகச் சேர்ந்த முதல் வருடம். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மானி சொன்னதை நம்பி 36 படச் சுருள் முழுவதையும் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் நெகட்டிவில் முகங்கள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பிரிண்ட்டில் மாப்பிள்ளையின் தாயார் முகத்தைக் கொண்டுவர இருட்டறையில் இரவு முழுவதும் போராடியும் கண்கள் வரவில்லை. அந்த அம்மாவுக்கு அந்த நாள் திரும்பி வராது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் என் உள்ளங்கையை அந்த வெளிச்சத்தில் நீட்டி அளந்துவிடுவேன். உடலின் நிறம் எதுவானாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே வெளுப்புதான், நடுச்சாம்பலைவிட ஒரு படி கூடுதல். சட்டம் முழுவதும் உள்ளங்கை தெரியும்படி வைத்து அளந்து, அதைவிட ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு பூவைப் பார்த்தாலும் முகத்தைப் பார்த்தாலும் அந்த அளவை மாற்ற வேண்டாம்.

அபர்ச்சர் எண்ணில் எல்லா மாணவர்களும் தடுமாறுகிறார்கள். எண் பெரிதானால் துளை ஏன் சிறிதாகிறது என்று கேட்கிறார்கள். நம் பாட்டிமார் கணக்கில் வைத்துப் பாருங்கள். எஃப் 2 என்பது அரை, எஃப் 4 கால், எஃப் 8 அரைக்கால், எஃப் 16 வீசம். எதில் அரை? லென்ஸின் குவியத்தூரத்தில், அதாவது லென்ஸில் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண்ணில். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மி.மீ. அகலத் துளை. அரையைவிட வீசம் சிறிது என்று சந்தையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரையிலிருந்து காலுக்கு வந்தால் துளையின் அகலம் பாதியாகும். பரப்பு நான்கில் ஒன்றாகும், ஆகவே ஒளியும் நான்கில் ஒன்று. நடுவே ஒரு படி வேண்டும் என்பதால்தான் 2.8 வருகிறது. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16: ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதி.

இப்போது உங்கள் சந்தைக் கணக்கு. உங்கள் லென்ஸ் 55-இல் 5.6-க்கு மேல் திறக்காது, 18-இல் 3.5 வரை திறக்கும். ஆகவே ஜூமைத் தொடாமல் 18-இல் வைத்து, நீங்கள் நெருங்கிப் போங்கள். நீங்கள் சொன்ன வெளிச்சத்துக்கு எஃப் 3.5, 1/100, ஐஎஸ்ஓ 2000 வைத்தால் +1-ம் அதிலேயே அடங்கும். யாரிடமாவது 50 எஃப் 1.8 லென்ஸ் இரவல் கிடைத்தால் எஃப் 2, 1/100, ஐஎஸ்ஓ 640 போதும். 6400 போன்ற உயர்ந்த ஐஎஸ்ஓவில் படத்தில் விழும் புள்ளிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே பார்ப்பீர்கள்.

விரல் பற்றி. பூ கட்டுபவரைக் கொஞ்ச நேரம் கேமரா இல்லாமல் பாருங்கள். பூவை அடுக்கும்போதும் நாரைச் சுற்றும்போதும் கை பறக்கும். முடிச்சை இழுத்து இறுக்கும் இடத்தில் ஒரு கணம் நிற்கும். அங்கே அழுத்துங்கள், 1/100 தாங்கும். அந்தத் தாளம் பிடிபட அரை மணி நேரமாவது ஆகும்.

கூர்மை ஆழம், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் கூர்மையாகத் தெரியும் என்பது, விளங்க ஒரு நாள் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய், தூண் வரிசையில் மூன்றாவது தூணில் ஃபோகஸ் வைத்து எஃப் 5.6, 8, 16 என்று மூன்று படம் எடுங்கள். மற்ற எதையும் மாற்றாதீர்கள், ஷட்டரைத் தவிர. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லினேயஸ் டிரைப் 1858-இல் இந்த மகாலைக் காகித நெகட்டிவில் எடுத்திருக்கிறார். இணையத்தில் அருங்காட்சியகப் பக்கங்களில் கிடைக்கும், பார்த்துவிட்டுப் போங்கள்.

கோவை அக்கா:

ஐயா, அரைக்கால், வீசம் என்று நான் யோசித்ததே இல்லை. நாளை என் வகுப்பில் இதைத்தான் சொல்லப்போகிறேன். தங்கச்சி, ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்: ரா கோப்பாக, அதாவது கேமரா சுருக்கித் திருத்தாத மூலப் பதிவாக எடு. 18-இல் அவ்வளவு நெருங்கினால் ஓரத்தில் இருக்கும் முகம் நீண்டுவிடும், முகத்தை நடுவிலேயே வை. அந்த அம்மாவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடு.

வைகைக்கரை மாணவி:

இன்று காலை மறுபடி போனேன். 50 லென்ஸ் கிடைக்கவில்லை. 18-இல், எஃப் 3.5, 1/100, ஐஎஸ்ஓ 2000. பட்டை ஒரு படத்திலும் இல்லை. முதல் இருபது நிமிடம் கேமராவை எடுக்காமல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்ன அந்தக் கணம் தெரிந்தது ஐயா. நான்கு படங்களில் விரல் கூர்மையாக நிற்கிறது, நாரின் பிசிறுகூடத் தெரிகிறது. மொட்டுகள் வெள்ளையாக, காம்பின் பச்சையோடு இருக்கின்றன. அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "கிலோ என்ன விலை?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினார்.

ஒரு சந்தேகம் மட்டும். விளக்குக்கு நேர் கீழே இருந்த குவியலில் மேல் அடுக்கு மொட்டுகள் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கின்றன, இதழ் தெரியவில்லை. திரையில் அந்த இடம் கறுப்பாகச் சிமிட்டுகிறது.

இருட்டறைக்காரர்:

அங்கே அளவு கடந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அந்தச் சிமிட்டல். விளக்கின் அடியில் மட்டும் ஐஎஸ்ஓவை 1000-க்கு இறக்குங்கள், ஒரு படி குறையும். இன்று எடுத்தது ரா கோப்பு என்றால் அழிக்க வேண்டாம், மென்பொருளில் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். இதழின் கோடு கொஞ்சம் திரும்பி வரக்கூடும்.