முதுகில் சுமை இல்லாத கோவேறு கழுதை

தங்கள் டயோரமாவை, அதாவது சிறு உருவங்களும் நிலமுமாகச் செய்த காட்சியைப் பார்த்து யாரோ சொன்ன, இன்றும் மறக்காத ஒரு வார்த்தையைப் பற்றி ஒவ்வொருவராக எழுதிவருகிறீர்கள். எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. சொன்னவர் சிற்பி இல்லை, மாடல் செய்பவரும் இல்லை. ராணுவத்தில் பல வருடம் கோவேறு கழுதைகளோடு மலையேறிய ஒரு பெரியவர்.

நான் செய்திருந்தது 1944-இல் பர்மாக் காட்டுக்குள் ஏறிப்போகும் ஒரு சிண்டிட் அணி. ஜப்பானியரின் பின்புறம் புகுந்து சண்டை போட்ட பிரிட்டிஷ் தரப்புப் படை அது. 1/35 அளவு, அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. சேறான சரிவுப் பாதை, மூன்று சிப்பாய்கள், இரண்டு கோவேறு கழுதைகள். தளபதி விங்கேட்டின் இந்தப் படை 1943 பிப்ரவரியில் முதல் தடவை ஜப்பானியரின் பின்புறம் நுழைந்தபோது நடந்தே போனது. அடுத்த வருடம் மார்ச்சில் பெரும்பகுதி கிளைடரிலும் டகோட்டா விமானத்திலும் போய் இறங்கியது, கழுதைகளும் கூடவே. வயர்லெஸ், மார்ட்டர், வெடிமருந்து எல்லாம் அவற்றின் முதுகில்தான். கத்தினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்று அவற்றின் குரல் நாண்களை அறுத்துவிட்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து டாங்கி செய்யும் ஆசை எனக்குப் போய்விட்டது.

மனித உருவம் எனக்குப் பழக்கம்தான். 175 செ.மீ. ஆள் 1/35-இல் சரியாக 5 செ.மீ. வருவான், தலை ஆறரை மில்லிமீட்டர். கழுதைக்குக் கண் பழகவில்லை. தோள்மேடு (கழுத்தும் முதுகும் சேரும் உச்சி) வரை 140 செ.மீ., அதாவது நம் அளவில் 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். பக்கவாட்டுப் படம் ஒன்றை அந்த அளவுக்குச் சுருக்கி அச்சிட்டு, அதன்மேலேயே செம்புக் கம்பியை வளைத்தேன். பின்னங்காலில் பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டை முழங்கால் என்று நினைத்துத்தான் நம்மில் பலர் தப்பு செய்கிறோம். அது நம்முடைய குதிகால். அசல் முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. முன்னங்காலில் முழங்கால் மாதிரி தெரிவது நம் மணிக்கட்டு. இது மனதில் ஏறிய பிறகு கம்பியை எங்கே மடக்குவது என்ற சந்தேகம் வரவே இல்லை.

உடம்புக்கு மில்லிபுட். இரண்டு குச்சியாக வரும், கலந்து பிசைந்தால் இறுகிவிடும் புட்டி அது. இரண்டு குச்சியிலும் சம அளவு கிள்ளிப் பிசைந்து, கம்பிமேல் முதலில் ஒரு மெல்லிய பூச்சு. அது இறுக மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அப்புறம்தான் விலா, அப்புறம் தொடை. ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால், வயிற்றைச் சரிசெய்யும்போது பிடித்திருக்கும் விரல் முதுகை நசுக்கிவிடும். காது, முகம், வார் எல்லாவற்றுக்கும் மில்லிபுட்டும் கிரீன் ஸ்டஃப் என்ற இன்னொரு புட்டியும் பாதிக்குப் பாதி. கிரீன் ஸ்டஃப் மட்டும் என்றால் ரப்பர் மாதிரி இழுத்துக்கொள்ளும், விளிம்பு கூராக நிற்காது. மில்லிபுட் மட்டும் என்றால் காது பட்டென்று உடையும். குளம்பைக் குதிரையைவிடக் குறுகலாக வைத்தேன், தோள்மேட்டைத் தாழ்த்தினேன். குதிரையைச் செய்துவிட்டுக் காதை மட்டும் நீட்டினால் அது கோவேறு கழுதை ஆகிவிடாது.

ஒரு கண்காட்சியில் வைத்திருந்தேன். பெரியவர் வந்து ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இது முதுகுல எவ்வளவு வெயிட்டு?"

"எழுபது கிலோ ஐயா. ரெண்டு பக்கமும் பெட்டி."

"எழுபது கிலோ ஏத்துன மாதிரி அது நிக்கலையே."

நான் செய்தது சமதளத்தில் நிற்கும் விலங்கு. அதைத் தூக்கிச் சரிவில் ஒட்டியிருந்தேன், அவ்வளவுதான். அவர் கையாலேயே காட்டினார். ஏறும்போது கழுத்தை முன்னால் நீட்டித் தலையைத் தாழ்த்தும். பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் வந்து தள்ளும். சுமை பின்னால் சரியப் பார்க்கும், அதைப் பிடித்துக்கொள்வது மார்புப் பட்டை. அதனால் ஏற்றத்தில் மார்புப் பட்டை விறைத்து நிற்கும், பின்தொடையைச் சுற்றி வரும் பட்டை தொளதொளவென்று தொங்கும். இறக்கத்தில் அப்படியே தலைகீழ். என் கழுதையில் இரண்டு பட்டையும் ஒரே மாதிரி விறைப்பாக இருந்தன. அப்படி இருக்கிற நேரமே கிடையாது என்றார்.

அப்புறம் காதைக் காட்டினார். நான் இரண்டையும் நேராக முன்னால் வைத்திருந்தேன். "பின்னாடி ஆள் வர்றான்ல? ஒரு காது அவன்கிட்டதான் இருக்கும்." கூட நடக்கும் சிப்பாய் கயிற்றை இறுக்கி இழுத்துக்கொண்டிருந்தான். அதற்கும் தலையை ஆட்டினார். பழகின கழுதையை யாரும் இழுக்க மாட்டார்கள், கயிறு தொங்க வேண்டும், ஆள் அதன் இடது தோள் பக்கம் நடக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து கழுத்தைத் தோளோடு அறுத்தேன். பின்னங்கால் இரண்டையும் தொடை மேலேயே வெட்டி, புதிய கம்பி செருகித் திருப்பி வைத்தேன். நடையையும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் 1878-இல் ஓடும் குதிரையை வரிசையாகப் படம்பிடித்தார். அதன் பிறகு அவர் எடுத்த நடைப் படங்களில் கால் வரிசை தெளிவாக இருக்கிறது: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். நடக்கிற விலங்குக்கு எப்போதும் இரண்டு அல்லது மூன்று கால் தரையில் இருக்கும். நான் முதலில் வைத்திருந்தது எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாகத் தூக்கிய நிலை. அது துள்ளோட்டம். எழுபது கிலோவோடு சேற்றில் ஏறுகிற எந்தக் கழுதையும் துள்ளி ஓடாது.

பட்டைகளை ஈயத்தகட்டில் வெட்டினேன். புட்டியில் செய்தால் தொங்கும் வளைவு வரவில்லை. ஈயம் தன் எடையிலேயே தழைந்து விழுகிறது. கடைசியாக ஒன்று: வயிற்றுப் பட்டை ஓடும் இடத்தில், புட்டி இறுகுவதற்கு முன்பே நூலை வைத்து அழுத்தி ஒரு பள்ளம் எடுத்தேன். இரண்டு பக்கமும் தோல் லேசாகப் பிதுங்கியது. மொத்த வேலையிலும் அந்தப் பிதுக்கம்தான் எனக்குப் பிடித்த இடம். பெட்டிக்குள் நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்று அதைப் பார்த்தால் தோன்றும்.

* * *

படித்ததும் என் ஒட்டகத்தை எடுத்துப் பார்த்தேன் அண்ணா. இதே கதைதான்.

1915-இல் சூயஸ் கால்வாய்ப் பக்கம் இருந்த பிகானேர் சமஸ்தானத்து ஒட்டகப் படை வீரர் ஒருவரை 54 மி.மீ. அளவில் (நிற்கும் ஆள் ஏறக்குறைய அந்த உயரம் வருவான்) செய்தேன். ஒட்டகம் உட்கார்ந்திருக்கிறது, அவர் அதன் மறைவில் இருந்து துப்பாக்கி நீட்டுகிறார். சூப்பர் ஸ்கல்பி களிமண், உள்ளே அலுமினியத் தாள் உருண்டை. 130 டிகிரியில் வேகவைத்தேன். முதல் ஒட்டகம் கழுத்தோரம் விரிசல் விட்டுவிட்டது. அங்கே மட்டும் தாள் வைக்காமல் முழுக் களிமண்ணாக விட்டிருந்தேன். இரண்டாவது நன்றாக வந்தது.

அதைக் கால்நடை மருத்துவராக இருக்கும் என் தோழியிடம் காட்டினேன். அவள் மேலே பார்க்கவே இல்லை, கவிழ்த்து அடியைப் பார்த்தாள். "நெஞ்சுத் திண்டு எங்கே?" என்றாள். ஒட்டகம் உட்காரும்போது முன் எடையைத் தாங்குவது நெஞ்சுக்கு அடியில் இருக்கும் தடித்த திண்டு. வயிறு தரையில் அழுந்தாமல் சற்று மேலே நிற்பது அதனால்தான். நான் வயிற்றை மாடு படுத்த மாதிரி மண்ணில் பரப்பி வைத்திருந்தேன். இன்னொன்றும் சொன்னாள்: குதிரைக்குத் தொடையையும் வயிற்றையும் இணைத்து ஒரு தோல் மடிப்பு உண்டு, ஒட்டகத்துக்கு அது கிடையாது. பின்னங்கால் இடுப்பிலிருந்து தனியாக இறங்கும். அதனால்தான் அந்தக் கால் அவ்வளவு நீளமாகத் தெரிகிறது, அவ்வளவு தட்டையாக மடங்குகிறது. நான் அந்த மடிப்பை அழகாகச் செய்து வைத்திருந்தேன்! முழுவதையும் சுரண்டி எடுத்தேன். எடுத்த பிறகுதான் ஒட்டகமாகத் தெரிந்தது.

எழுந்து நிற்கும் ஒட்டகம் செய்ய நினைப்பவர்களுக்கு: எழும்போது பின்பக்கம் முதலில் உயரும், உட்காரும்போது முன்னங்கால்தான் முதலில் மடங்கும். சவாரி செய்பவர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதும் இதை வைத்துத்தான்.

* * *

ஒரு கேள்வி. ஈயத்தகட்டுப் பட்டை கழுதையின் உடம்போடு ஒட்டாமல் கம்பிபோல விலகி நிற்கிறதே, எனக்கு மட்டும்தான் இப்படியா?

* * *

எனக்கும் ஆனது. தகட்டை வெட்டியதும் ஒரு வழவழப்பான பரப்பில் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து இன்னும் மெல்லிசாக்குங்கள். பிறகு உடம்பில் பட்டை படும் இடங்களில் மட்டும் ஈரமான புட்டியை மயிரிழை அளவு தடவி, அதன்மேல் அழுத்துங்கள். பசை வேண்டாம், பசை பளபளப்பாகத் தெரியும். விறைத்து நிற்கும் பட்டைக்கு இது போதும். தொங்கும் பட்டைக்கு இரண்டு முனையை மட்டும் பிடித்துவிட்டு நடுவைத் தொடாமல் விடுங்கள். ஈயம் தொட்ட கையை உடனே கழுவிவிடுங்கள்.

அந்த ஒட்டகத்தின் அடிப்பக்கப் படத்தையும் போடுங்கள் தம்பி, திண்டு எவ்வளவு தூரம் துருத்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து நானும் ஒன்று தொடங்கப்போகிறேன்.