எக்செலில் ஒரே செல்லில் கிடக்கும் எண், பெயர், முகவரி, போன் நம்பரைத் தனித்தனியாகப் பிரிப்பது எப்படி?

கேட்டவர்: புதுக்கட்டம்

வணக்கம். உறுப்பினர் பட்டியல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, கிட்டத்தட்ட 1,800 வரிசை. யார் தயாரித்தார்களோ தெரியவில்லை, எல்லாவற்றையும் ஏ நெடுவரிசையிலேயே கொட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு செல்லில் இருப்பது இப்படி:

0047, பெயர், கதவு எண், தெரு, ஊர், போன் நம்பர்

எனக்கு வேண்டியது நாலே நெடுவரிசை: எண், பெயர், முகவரி, போன். கையால் வெட்டி ஒட்ட ஆரம்பித்து அறுபதாவது வரிசையில் கை ஓய்ந்துவிட்டது. என்னிடம் இருப்பது எக்செல் 2016. வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: விரைவுக்கை

இதற்கா கையால் வெட்டினீர்கள்! ஏ நெடுவரிசையைத் தேர்வு செய்து, மேலே டேட்டா என்ற டேப்பில் டெக்ஸ்ட் டு காலம்ஸ். டிலிமிட்டட், அடுத்து கமாவுக்கு டிக், ஃபினிஷ். ஒரு நிமிட வேலை. வலது பக்கம் வேறு தகவல் இருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும், காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கட்டம்

செய்து பார்த்தேன், பிரிந்தது, ஆனால் முகவரியும் சேர்ந்து சிதறிவிட்டது. ஒருவருக்கு முகவரி மூன்று துண்டு, இன்னொருவருக்கு ஐந்து துண்டு, அதனால் போன் நம்பர் சிலருக்கு எஃப் நெடுவரிசையில், சிலருக்கு எச் நெடுவரிசையில். 0047 வெறும் 47 ஆகிவிட்டது. இதோடு ஒரு விசித்திரமும் சேர்ந்துகொண்டது: இப்போது நோட்பேடிலிருந்து ஒரு வரியை காப்பி செய்து ஒட்டினால், நான் எதுவும் சொல்லாமலேயே கமா உள்ள இடமெல்லாம் அது பிரிந்து விழுகிறது. எதையாவது கெடுத்துவிட்டேனா?

பதில்: நடுக்கோடு

எதையும் கெடுக்கவில்லை. டெக்ஸ்ட் டு காலம்ஸில் கடைசியாகக் கொடுத்த பிரிப்பானை எக்செல் மூடும்வரை நினைவில் வைத்திருக்கும், வெளியிலிருந்து ஒட்டும் எழுத்துக்கும் அதையே போட்டுவிடும். எக்செலை முழுவதும் மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

சுழியம் போனது மூன்றாவது படியைப் பார்க்காமல் ஃபினிஷ் அழுத்தியதால். அங்கே ஒவ்வொரு நெடுவரிசையையும் தொட்டு ஜெனரல் என்பதை டெக்ஸ்ட் என்று மாற்றலாம். உறுப்பினர் எண், போன் நம்பர் இரண்டையும் கட்டாயம் மாற்றுங்கள். இவற்றை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, எண்ணாக இருந்து என்ன பயன்? 15 இலக்கத்துக்கு மேல் நீளும் அட்டை எண் மாதிரி ஏதாவது இருந்தால் பின்னால் வரும் இலக்கங்களையே சுழியமாக்கிவிடும், அதைத் திரும்பப் பெறவும் முடியாது.

இனி முகவரிக்கு வருவோம். எல்லா கமாவையும் ஒரே கண்ணால் பார்ப்பதுதான் சிக்கல். உங்கள் வரிசையில் முதல் இரண்டு கமாவும் கடைசி கமாவும் மட்டும்தான் எல்லை, நடுவில் இருப்பவை முகவரிக்குச் சொந்தம். இரண்டு ஓரத்திலிருந்தும் எண்ணி வெட்டினால் நடுவில் மிஞ்சுவது எத்தனை துண்டாக இருந்தாலும் முகவரிதான்.

மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் எளிது. போனுக்கு =டெக்ஸ்ட்ஆஃப்டர்(ஏ2, ",", -1). அந்தக் கழித்தல் 1 தான் கடைசியிலிருந்து எண்ணச் சொல்கிறது. முகவரிக்கு =டெக்ஸ்ட்பிஃபோர்(டெக்ஸ்ட்ஆஃப்டர்(ஏ2, ",", 2), ",", -1). இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், செல்லில் ஃபார்முலா பெயர்களை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

புதுக்கட்டம்

விளக்கம் புரிந்தது, ஆனால் நேம் என்று பிழை காட்டுகிறது.

பதில்: நடுக்கோடு

மன்னிக்கவும், நீங்கள் 2016 என்று முதலிலேயே சொல்லியிருக்கிறீர்கள், நான்தான் கவனிக்கவில்லை. அந்த இரண்டும் அதில் கிடையாது. பழைய பதிப்பிலும் ஓடும் வழி இது. எல்லையான மூன்று கமாவை மட்டும் நிமிர்ந்த கோடாக மாற்றிவிட்டு, கோட்டை வைத்துப் பிரிக்கப் போகிறோம்.

பி2: =லென்(ஏ2)-லென்(சப்ஸ்டிட்யூட்(ஏ2, ",", ""))
சி2: =சப்ஸ்டிட்யூட்(ஏ2, ",", "|", பி2)
டி2: =சப்ஸ்டிட்யூட்(சி2, ",", "|", 2)
இ2: =சப்ஸ்டிட்யூட்(டி2, ",", "|", 1)

பி என்பது அந்த வரிசையில் மொத்தம் எத்தனை கமா என்ற கணக்கு. சப்ஸ்டிட்யூட்டின் நாலாவது இடத்தில் எண் கொடுத்தால் அத்தனையாவது கமாவை மட்டும் மாற்றும், அதனால் சி கடைசி கமாவைப் பிடிக்கிறது. பின்னாலிருந்து முன்னால் வரும் இந்த வரிசை முக்கியம், முதல் கமாவை முதலில் மாற்றினால் மற்றவற்றின் எண்ணிக்கை ஒன்று குறைந்து எல்லாம் தப்பாகும்.

நாலையும் கீழே வரை இழுத்துவிட்டு, இ நெடுவரிசையை காப்பி செய்து புதிய ஷீட்டில் மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். அங்கே டெக்ஸ்ட் டு காலம்ஸ், கமா டிக்கை எடுத்துவிட்டு அதர் பெட்டியில் | போடுங்கள். மூன்றாவது படியை இந்த முறை தாண்டிப் போக வேண்டாம்.

பதில்: விரைவுக்கை

இவ்வளவு எதற்கு, ஃபிளாஷ் ஃபில் இருக்கிறதே, 2013 முதலே உண்டு. பக்கத்தில் இரண்டு வரிசைக்கு எப்படி வேண்டுமோ தட்டிக் காட்டிவிட்டு கன்ட்ரோல் இ, மீதியை அதுவே நிரப்பும்.

பதில்: நடுக்கோடு

ஐம்பது வரிசை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். 1,800 வரிசைக்கு வேண்டாம். அது மாதிரியைப் பார்த்து ஊகிப்பது, எங்கே தப்பாக ஊகித்தது என்று சொல்லவும் சொல்லாது. ஃபார்முலா தப்பானால் ஒரே விதமாகத் தப்பாகும், தேடிப் பிடிக்கலாம்.

புதுக்கட்டம்

வந்துவிட்டது! சுழியமும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒரு முப்பது நாற்பது வரிசை இன்னும் கோணலாக நிற்கிறது. சிலவற்றில் போன் நெடுவரிசை காலி. சிலவற்றில் முகவரியின் கடைசியில் ஒரு போன் நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு வரிசையில் வேல்யூ பிழை.

பதில்: நடுக்கோடு

வேல்யூ பிழை வந்தால் அந்த வரிசையில் கமாவே இல்லை என்று அர்த்தம், காலி செல்லாகவும் இருக்கலாம். போன் காலியாக இருந்தால் மொத்தம் இரண்டு கமாதான், ஏதோ ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது. பழைய ஷீட்டின் பி நெடுவரிசையில் ஃபில்டர் போட்டு 3க்குக் குறைவானவற்றை எடுத்துப் பார்த்தால் இந்த இரண்டு வகையும் வந்துவிடும்.

முகவரியில் நம்பர் ஒட்டியிருப்பவர்கள் இரண்டு நம்பர் கொடுத்தவர்கள். கமா கணக்கில் இவர்கள் சிக்க மாட்டார்கள். பக்கத்து நெடுவரிசையில் =ரைட்(டிரிம்(சி2), 5) போட்டு வடிகட்டுங்கள் (இந்த சி புதிய ஷீட்டின் முகவரி நெடுவரிசை), ஐந்தும் இலக்கமாக வருபவை மேலே தெரியும். முகவரி பின்கோடில் முடிந்தால் அதுவும் கூடவே வரும், கண்ணால் பார்த்து விலக்க வேண்டியதுதான்.

அப்புறம், கமாவுக்குப் பின்னால் இருந்த இடைவெளி ஒவ்வொரு செல்லின் முன்னாலும் இப்போது ஒளிந்திருக்கும். டிரிம் போட்டு நீக்காவிட்டால் நாளைக்கு விலுக்அப் (பட்டியலில் தேடித் தரும் ஃபார்முலா) போடும்போது பெயர் கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று சொல்லும். டிரிம் போட்டும் இடைவெளி போகவில்லையென்றால் அது இணையப் பக்கத்திலிருந்து வந்த 160ஆம் எழுத்து, =சப்ஸ்டிட்யூட்(ஏ2, கார்(160), " ") (கார் என்பது ஆங்கிலத்தில் CHAR) என்று சாதாரண இடைவெளியாக்கிவிட்டு அப்புறம் டிரிம்.

புதுக்கட்டம்

மொத்தம் 37 வரிசை. அதைக் கையாலேயே திருத்திவிட்டேன். பழைய ஷீட்டை அழிக்காமல் வைத்திருக்கிறேன், நன்றி இருவருக்கும்.