சர்வர் மாற்றியதும் மருந்துப் பெயரெல்லாம் குப்பை எழுத்தாகிவிட்டது, மீட்க முடியுமா?

விருதை மருந்துக்கடை எழுதியது:

வணக்கம். விருதுநகரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சரக்கு, பில், மொத்த வியாபாரிகளின் பாக்கி எல்லாமே ஒரு பிஹெச்பி மென்பொருளில்தான் ஓடுகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் விண்டோஸ் 7 கணினியில் வாம்ப் (கணினியையே சர்வராக்கும் தொகுப்பு) போட்டு, டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல் 5.5. ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததால், தெரிந்த தம்பி ஒருவர் மூலம் கிளவுடில் உபுண்டு 22.04 சர்வர் எடுத்து, அதிலுள்ள மைஎஸ்கியூஎல் 8.0-க்கு டேட்டாபேஸை மாற்றினோம். நிரலையும் புது பிஹெச்பிக்குத் தகுந்தபடி அவரே மாற்றிக் கொடுத்தார்.

எண்கள் சரி. பாக்கித் தொகை பைசா சுத்தமாக இருக்கிறது. ஆனால் தமிழ்ப் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை. "வசம்பு" இருந்த இடத்தில் மேலே சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி. இதே கூட்டம் வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய கணினியிலும் பிஹெச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸை நேரடியாகப் பார்க்கும் பக்கம்) பார்த்தால் இப்படித்தான் தெரியும். ஆனால் கடைத் திரையிலும் பில்லிலும் தமிழ் ஒழுங்காக வந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

டம்ப் கோப்பில் (டேட்டாபேஸை நகலெடுத்த கோப்பு) எழுத்துமுறை லேட்டின்1 என்று இருந்ததையெல்லாம் யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றித்தான் ஏற்றினேன் என்கிறார் தம்பி. பழைய கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது. என்ன செய்யலாம்?

டெல்டா டேட்டா எழுதியது:

டம்ப் எல்லாம் எதற்கு அண்ணாச்சி? பழைய கணினியில் மைஎஸ்கியூஎல்லின் டேட்டா ஃபோல்டரை அப்படியே புது சர்வரில் காப்பி பண்ணுங்கள், வேலை முடிந்தது.

ராத்திரி ஷிப்ட் எழுதியது:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 8.0 பதிப்பு 5.7-இன் ஃபோல்டரைத்தான் எடுத்து மேம்படுத்திக்கொள்ளும். 5.5-ஐக் கொண்டுபோய் வைத்தால் சர்வர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்தே பாதி புரிந்துவிட்டது. லேட்டின்1 மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துமுறை, ஓர் எழுத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்8 எல்லா மொழிகளுக்கும் பொது, மைஎஸ்கியூஎல்லில் அதன் முழு வடிவம்தான் யூடிஎஃப்8எம்பி4. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்8-இல் மூன்று பைட். அந்த மூன்றில் முதல் பைட்டை லேட்டின்1 என்று நினைத்துப் படித்தால் உங்கள் சாய்கோட்டு ஏ வரும். இரண்டாவது பைட் பெரும்பாலும் வட்டத்துக்குள் ஆர். பழைய கணினியில் டேபிள் லேட்டின்1, மென்பொருள் பேசியதும் லேட்டின்1. தமிழ் பைட்டுகள் எந்த மாற்றமும் இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்தன, உலாவி அதைத் தமிழாகக் காட்டியது. டப்பாவுக்குள் வசம்பு, லேபிளில் சுக்கு. எடுத்துக் கொடுப்பவருக்குப் பழக்கம் என்பதால் கடை நடந்தது.

மைஎஸ்கியூஎல்டம்ப் அந்த லேபிளை நம்பிவிடும். 5.5-இல் எதுவும் சொல்லாவிட்டால் அது யூடிஎஃப்8-இல்தான் கோப்பு எழுதும். ஆகவே "லேட்டின்1 எழுத்துகள்தானே, மாற்றித் தருகிறேன்" என்று ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக்கிக் கோப்பில் வைத்திருக்கும்.

உறுதி செய்துகொள்ளலாம். இரண்டு சர்வரிலும் வசம்பு இருக்கும் வரியின் ஐடியைக் கொடுத்து, பெயருக்கு கேர்_லெங்த் (எத்தனை எழுத்து), லெங்த் (எத்தனை பைட்) இரண்டையும் கேட்டுச் சொல்லுங்கள். சரியான தமிழ் என்றால் 6, 18 வர வேண்டும். (நான்கு எழுத்துதானே என்று கேட்காதீர்கள். யூனிகோடு கணக்கில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி.)

விருதை மருந்துக்கடை எழுதியது:

பழையதில் 18, 18. புதியதில் 18, 36.

ராத்திரி ஷிப்ட் எழுதியது:

நல்ல செய்தி. பழையதில் 18, 18 என்றால் தமிழ் பைட்டுகள் சேதமில்லாமல் இருக்கின்றன, லேபிள்தான் தவறு. 36 என்பது இரட்டிப்பாக ஏறியது. புது சர்வரில் ஒட்டுப்போட வேண்டாம், அந்த டேட்டாபேஸை அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுங்கள். கேள்விக்குறிகளாக வந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். அங்கே எழுத்து போனது போனதுதான்.

கடையை மூடியபின், பில் போடுவதை நிறுத்திவிட்டு எடுங்கள். டம்ப் எடுக்கும்போது டீஃபால்ட் கேரக்டர் செட் லேட்டின்1 என்று கொடுத்து, ஸ்கிப் செட் சார்செட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் லேட்டின்1 ஆனதால் அது எதையும் மாற்றாது. விண்டோஸ் என்பதால் இன்னொன்று: பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டுக் கோப்பாக்கினால் அது யூடிஎஃப்16 என்ற வேறொரு எழுத்துமுறைக்கு மாறிவிடும். ரிசல்ட் ஃபைல் என்ற விருப்பத்தைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். பிறகு கோப்பை நோட்பேட்++-இல் யூடிஎஃப்8-ஆகத் திறந்து பாருங்கள். வசம்பு வசம்பாகவே தெரிந்தால் மட்டும் மேலே போகலாம்.

தம்பி செய்த மாற்றம் இந்தக் கோப்புக்குத்தான் பொருந்தும். டேபிள் உருவாக்கும் வரிகளின் கடைசியில் இருக்கும் லேட்டின்1-ஐ யூடிஎஃப்8எம்பி4 ஆக்கி, ஏற்றும்போதும் யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி ஏற்றுங்கள். பிஹெச்பி இணைப்பிலும் அதையே குறிப்பிட வேண்டும். மறந்தால் புதிதாக ஏற்றும் சரக்கில் திரும்பவும் இதே கதை நடக்கும்.

அதற்கு முன் ஒரு வேலை. டேபிளில் பெயருக்கு ஒதுக்கிய நீளம் எவ்வளவு? 50 என்று வைத்திருந்தால் லேட்டின்1-இல் அது 50 பைட், அதாவது பதினாறு தமிழ் எழுத்தும் கொஞ்சமும்தான். "கண்டங்கத்திரி வேர்ப் பொடி" மொத்தம் 71 பைட். 50-இல் வெட்டினால் "கண்டங்கத்திரி வேர" வரைக்கும் வந்து, அடுத்த புள்ளியின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த அரைகுறை பைட்டைப் புது சர்வர் ஏற்காது. ஆகவே பழைய கணினியிலேயே லெங்த் சரியாக 50 இருக்கும் வரிகளைத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி செய்யுங்கள். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், எந்த நிரலும் அதைத் திருப்பித் தராது. உங்களுக்குத்தான் மருந்து தெரியும்.

நெல்லை லினக்ஸ் எழுதியது:

மேலே எல்லாம் சொல்லிவிட்டார். ஒன்று சேர்க்கிறேன். விண்டோஸில் டேபிள் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது, லினக்ஸில் உண்டு. டம்ப்பில் எல்லாம் சின்ன எழுத்தாக வந்திருக்கும். நிரலில் எங்காவது முதல் எழுத்தைப் பெரிதாக எழுதியிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் "டேபிள் இல்லை" என்று நிற்கும். மாதக் கடைசி அறிக்கை மாதிரி அபூர்வமாகத் திறக்கும் பக்கங்களை இப்போதே திறந்து பாருங்கள்.

விருதை மருந்துக்கடை எழுதியது:

சார், தமிழ் வந்துவிட்டது! 18, 36 இருந்த இடத்தில் 6, 18. நீளம் 50-தான். வெட்டுப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் சூரணமும் தைலமும். பழைய கொள்முதல் பில்லைப் பார்த்து வீட்டம்மா திருத்திக் கொடுத்தார். பாக்கி அறிக்கைப் பக்கம் நெல்லைக்காரர் சொன்ன மாதிரியே நின்றது, தம்பி சரி செய்துவிட்டார்.

இன்னொரு சந்தேகம். காலையில் பத்து மணிக்குப் போட்ட பில்லில் நேரம் நாலரை என்று விழுகிறது. பழைய பில்களில் நேரம் சரியாக இருக்கிறது.

ராத்திரி ஷிப்ட் எழுதியது:

புது சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். பில் நேரம் டேட்டைம் வகையாக இருக்க வேண்டும். அது எழுதியதை எழுதியபடியே வைத்துக்கொள்ளும், அதனால்தான் பழைய பில்கள் தப்பின. மைஎஸ்கியூஎல் அமைப்புக் கோப்பில் டீஃபால்ட் டைம் ஜோனை +05:30 ஆக்கி, சர்வீஸை ஒருமுறை நிறுத்தி ஓடவிடுங்கள். பிஹெச்பியிலும் ஆசியா/கொல்கத்தா என்று வைக்கச் சொல்லுங்கள். மாற்றிய நாளிலிருந்து போட்ட பில்களுக்கு மட்டும் ஐந்தரை மணியைக் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டும் முன் அந்த டேபிளுக்குத் தனியாக ஒரு டம்ப் எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி.