காரைக்குடியிலிருந்து சிறு படகில் மீன்பிடிக்கப் போக: தொண்டிப் பக்கம் ‘சால்மன்’ கிடைக்குமா?

கேள்வி: வளவுக்காரன், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். வரும் மாசி மாதம் என் அண்ணனின் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) எங்கள் பூர்வீக வீட்டில் நடக்க இருக்கிறது. அதற்காகக் கனடாவின் வான்கூவரிலிருந்து அண்ணன் குடும்பம் முழுவதும் வருகிறது. அண்ணன் மகனுக்கு இருபத்திரண்டு வயது. அங்கே கோடைதோறும் நண்பர்களோடு சிறு படகில் கடலுக்குப் போய்ச் சால்மன் பிடித்துப் பழகியவன். இங்கே விசேஷம் முடிந்ததும் தன்னைக் கடலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று இப்போதிருந்தே தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறான். இணையத்தில் மீன் விற்கும் ஒரு கடையின் பட்டியலில் ‘இந்தியன் சால்மன்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அதைத்தான் பிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாகவும் இருக்கிறான்.

எங்கள் முன்னோர் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர்கள்தாம். ஆனால் எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் யாரும் தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. கடலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு சந்தையில் மீன் வாங்குவதோடு சரி. எந்தக் கரைக்குப் போவது, மாசி மாதம் ஏற்றதுதானா, படகு எப்படி அமர்த்துவது, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவனைக் கடலுக்கு அழைத்துப் போவதில் சிக்கல் உண்டா, அண்ணனும் பத்து வயதான என் மகளும் உடன் வரலாமா என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தொண்டிக்கரை

தொண்டியில் பிறந்து தேவகோட்டையில் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் மீனின் பெயரால் வந்த குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கப்படுவது நம்முடைய காலா மீன்தான்; மும்பையில் அதையே ராவஸ் என்பார்கள். சால்மனுக்கும் காலாவுக்கும் இந்தப் பெயரைத் தவிர வேறு ஒட்டுமில்லை, உறவுமில்லை. சால்மன் குளிர்ந்த கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றுக்குள் ஏறும் மீன். காலாவோ வெதுவெதுப்பான, கலங்கலான கரைக்கடலில், மணலும் சேறும் கலந்த தரையை ஒட்டித் திரிவது. அதன் மூக்கு வாயைத் தாண்டித் துருத்திக்கொண்டிருக்கும். கண்ணின்மேல் கண்ணாடி போன்ற சவ்வு படர்ந்திருக்கும். மார்புத் துடுப்புக்குக் கீழே பக்கத்துக்கு நான்காக நூல் போன்ற இழைகள் தொங்கும். கண் தெரியாத கலங்கலில் இரையைத் தடவிக் கண்டுகொள்வது அந்த இழைகளால்தான். இது ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன் என்பதால், பெரிய காலா கிடைத்தால் அது பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும். காலா தூண்டிலுக்கும் எடுக்கும் என்றாலும் கரைக்கு வருவதில் பெரும்பகுதி வலையில் விழுந்ததுதான். ஆகவே அதை மட்டும் நம்பிப் படகேற வேண்டாம் என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிழங்கான், விளமீன், ஓரா, சின்னப் பாறை ஆகியவை கிடைத்தால் மகிழ்ச்சி என்று போவதே நல்லது.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அறந்தாங்கி வழியாகக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமும் போகலாம். ஆனால் அவை விசைப்படகுகளின் நெரிசல் மிகுந்த துறைகள். தவிரவும், அங்கிருந்து வடக்கே தஞ்சாவூர் மாவட்டம்வரை உள்ள கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை, ஆவுளியா என்று நாங்கள் சொல்லும் கடல் பசுவுக்கான பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் அரசு அறிவித்திருக்கிறது. முதன்முறை போகிறவர்களுக்குத் தொண்டியை ஒட்டிய சிறு துறைகளே போதும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அதைக் கேட்டதும் ஆபத்தில்லாதது என்று தோன்றும். அந்தத் தோற்றத்தில்தான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஆழமில்லாத நீரில் காற்று கொஞ்சம் எழுந்தாலும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் அடிக்கும்; சிறு படகு ஓர் அலையில் ஏறி இறங்கி மூச்சு விடுவதற்குள் அடுத்த அலை முகத்தில் அறையும். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை வடக்கிலிருந்து வாடையும் கிழக்கிலிருந்து கொண்டலும் கரையை நோக்கி வீசுவதால் அந்தக் காலத்தைப் பேச்சுக்கே எடுக்க வேண்டாம். தை மாதத்திலும் காற்று முழுதாக அடங்கியிருக்காது. மாசியும் பங்குனியும் நல்ல காலம். நீங்கள் தேர்ந்த மாதம் சரியே. ஆனி, ஆடியில் வேறு வகையான ஆபத்து உண்டு. அப்போது மேற்கிலிருந்து கச்சான் வீசும். கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் போலக் கிடக்கும். ஆனால் அந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. நடுக்கடலில் என்ஜின் நின்றுவிட்டால், கொந்தளிப்பே இல்லாமல், சத்தமே இல்லாமல், படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். கிழக்கே என்ன இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை; 1974இல் வரைந்த எல்லைக்கோடு கடல்மேல் கண்ணுக்குத் தெரியாது.

படகைப் பொறுத்தவரை, பதிவு எண் எழுதிய ஃபைபர் படகு, ஒன்றுக்கு இரண்டாக என்ஜின் அல்லது துடுப்பும் பாயும், நங்கூரமும் நீண்ட கயிறும், ஆளுக்கோர் உயிர்காப்பு மேலங்கி ஆகிய எல்லாம் இருக்கின்றனவா என்று முதல் நாளே கரைக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். மீன்பிடிப் படகுகளின் உரிமம் மீன் பிடிப்பதற்கு உரியது. பயணிகளை ஏற்றுவதற்கு உரியதன்று. எனவே மீன்வளத் துறை அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் நேரில் போய்க் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டுமே புறப்பட வேண்டும். அது எல்லைக்கு அருகிலுள்ள கடல் என்பதால், கனடா கடவுச்சீட்டு வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் படகில் இருப்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது அவனுக்கும் படகுக்காரருக்கும் நல்லது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கரையிலிருந்தே தூண்டில் போடுங்கள். எங்கள் கடலில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாளும் என்ற முறை இருக்கிறது. எந்தக் கிழமை என்பதைக் கரையில் கேட்டு அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

அண்ணன் வரலாம். பத்து வயது மகளை ஐந்து மணி நேரம் திறந்த படகில், வெயிலில் உட்கார வைப்பதை நான் விரும்ப மாட்டேன். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையின் ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி உண்டு; வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அங்கே போய் வரட்டும்.

பதில்: கடல்தாண்டி, வான்கூவர்

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் அண்ணன் மகன் பழகிய முறை எனக்கும் பழக்கமானது என்பதால் இரண்டொரு செய்திகளைச் சேர்க்கிறேன்.

இங்கே கடலில் சால்மன் பிடிக்க, கடல்நீருக்கென்று தனியாக உரிமம் எடுக்க வேண்டும். சால்மனுக்குப் போடும் தூண்டில் முள்ளில், மாட்டிய மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முள் இருக்கக் கூடாது. சினூக் வகை மீனை வைத்துக்கொண்டால் அந்த இடத்திலேயே உரிமத்தில் பதிய வேண்டும். எந்தப் பகுதியில், எந்த மாதத்தில், எந்த வகையை, எத்தனை பிடிக்கலாம் என்பது ஆண்டுக்காண்டு மாறும். நீர் மிகவும் குளிர்ந்தது. படகு கவிழ்ந்தால் நீச்சல் தெரிந்தவனும் சில நிமிடங்களில் கைகால் விறைத்துச் செயலிழந்துவிடுவான். ஆகவே இங்கே வளர்ந்த பையனுக்கு உயிர்காப்பு மேலங்கி அணிவது சட்டை அணிவதைப் போன்றது. அந்தப் பழக்கத்தை ‘வெந்நீர்க் கடல்தானே’ என்று அவன் அங்கே விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முறை வேறு. இங்கே ஓடும் படகுக்குப் பின்னால், ஈயக்குண்டு கட்டிய கம்பியால் இரையை ஆழத்துக்கு இறக்கி, மெதுவாக இழுத்துக்கொண்டே போவோம்; மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கருவி காட்டும். அந்தக் கம்பி, கருவி எதையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். நான் ஒருமுறை விலையுயர்ந்த தூண்டில் கழியோடு நம் கடலுக்குப் போனேன். படகுக்காரர் அதை மரியாதையாக வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, மரக்கட்டையில் சுற்றிய தங்கூஸ் என்னும் நைலான் நரம்பை என் கையில் கொடுத்தார். பிறகு பழைய சைக்கிள் டியூபிலிருந்து விரல் அகலத்துக்கு வெட்டிய ஒரு வளையத்தை எடுத்து என் ஆள்காட்டி விரலில் மாட்டிவிட்டார். நரம்பு விரலை அறுக்காமல் இருப்பதற்கும், மீன் கொத்துவது விரலுக்குத் தெரிவதற்கும் அந்த ரப்பர் ஒன்றே போதுமானதாக இருந்தது. என் கழி அன்று முழுவதும் நனையவே இல்லை.

கடல்நிலைக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் காற்றையும் நாள்தோறும் முன்னறிவிக்கிறது. வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். கடலோரக் காவல் படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரு எண்களையும் படகில் வரும் எல்லோருடைய கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இங்கே அப்படிச் சொல்லாமல் நாங்கள் புறப்படுவதே இல்லை.

பதில்: பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, எல்லோரும் போவதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள்; மீன் வீடு வந்து சேருவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. காலாவும் கிழங்கானும் மென்மையான சதை உடையவை. வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் குழம்பில் கரைந்துவிடும். மீன் எவ்வளவோ அதே எடைக்கு ஐஸ் என்று கணக்கு வைத்து, நொறுக்கிய ஐஸைப் பெட்டியில் கொண்டுபோங்கள். வடியும் நீரில் மீன் ஊறக் கூடாது.

ஓராவை வெறுங்கையால் பிடிக்கவிடாதீர்கள். அதன் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, கெளுத்திக்கும் அப்படியே. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும்; பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபிளாஸ்க்கில் காப்பியோடு, வெந்நீரும் ஒன்று தனியாகப் போகட்டும். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். விசேஷ வீட்டில் மிஞ்சிய பலகாரத்தை நெய்யோடு சாப்பிட்டுவிட்டுப் படகேறினால் என்ன ஆகும் என்பதை என் வீட்டுக்காரரிடம் கேட்கலாம்.

குழம்பு வைக்கும்போது, மண்சட்டியில் நல்லெண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை புளிக்குழம்பைக் கொதிக்கவிட்டு, கடைசியாகத்தான் மீனைப் போட வேண்டும். போட்ட பிறகு கரண்டி வைக்கக் கூடாது. சட்டியைப் பிடித்துச் சுற்றிவிடுவதோடு சரி.

கேட்டவர் மீண்டும்: வளவுக்காரன்

போய் வந்துவிட்டோம், பதில் எழுதியவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. காவல் நிலையத்தில் கடவுச்சீட்டின் நகலை வாங்கிக்கொண்டு, கரை கண்ணில் இருக்கும் தூரத்துக்குள் போய்ப் பகலுக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதலில் குறித்த நாளில் அதிகாலை நான்கு மணிக்குத் தொண்டிக் கரையில் நின்றோம். படகுக்காரர் கிழக்கே திரும்பி, முகத்தில் காற்றை வாங்கியபடி சற்று நேரம் நின்றார். பிறகு, “கொண்டல் இன்னும் அடங்கவில்லை, இன்றைக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைக்கு நடந்தார். கைப்பேசியில் முன்னறிவிப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பையன் வாதாடினான். ஒன்பது மணிக்குக் கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்ததைப் பார்த்த பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை. நான் மட்டும், இரண்டு பெட்டி ஐஸுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது கடல் எண்ணெய் போல் இருந்தது. நங்கூரம் போட்டுத் தூண்டிலை இறக்கியதும் முதல் இரண்டு முறையும் முள்ளில் பட்டையான கடற்புல்தான் வந்தது. படகுக்காரர் அந்தப் புல்லை விரலால் உருவிப் பார்த்துவிட்டு, நூறு பாகம், அதாவது சுமார் அறுநூறு அடி, தள்ளி மணல் தரைக்குப் படகை நகர்த்தினார். அங்கே இறால் துண்டை இரையாகப் போட்டதும் கிழங்கான் வரிசையாக எடுக்கத் தொடங்கியது. பையன் பதினொன்று பிடித்தான்; அண்ணன் ஒரு விளமீன் பிடித்து, அதைச் சாந்தியில் மாலை போட்டுக்கொண்டபோது இருந்ததைவிடப் பெருமையான முகத்தோடு படம் எடுத்துக்கொண்டார். இட்லியை இரண்டோடு நிறுத்தாததால் எனக்கு நேர்ந்ததை ஆச்சிக்கு விளக்க வேண்டியதில்லை.

காலா ஒன்றுகூட எடுக்கவில்லை. திரும்பியதும் ஏலக்கூடத்தில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பையன் தன் பணத்தில் மூன்று கிலோ எடையுள்ள காலா ஒன்றை வாங்கி, கிழங்கானோடு சேர்த்து ஐஸில் புதைத்துவிட்டான். வீட்டில் அதை முற்றத்தில் வைத்து, தானே பிடித்ததாக அப்பத்தாவிடம் காட்டினான். எண்பத்து நான்கு வயதாகும் எங்கள் ஆத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, செவுளுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி ஓடிய வலைத் தழும்பை ஒரு விரலால் தடவிவிட்டு, “உன் தூண்டிலுக்கு எத்தனை கண்ணப்பா?” என்று கேட்டார்.