சீன ராசிக்கும் வானத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

பினாங்குக்காரன்:
நேற்று இங்கே ஒருத்தர், மேற்கத்திய ராசிதான் விண்மீன்களைப் பார்த்து வந்தது, சீன ராசி வெறும் மிருகக் கதை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. வருஷத்துக்கு ஒரு விலங்காக 12 விலங்குக்கு ஏன் 12 வருஷம்? வியாழன் வானத்தை ஒரு சுற்று வர ஆகும் காலம் அது. பழைய சீனத்தில் வியாழன் நிற்கும் இடத்தை வைத்துத்தான் ஆண்டையே குறித்தார்கள்.

துருவன்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். வியாழன் சுற்ற 12 வருஷம் ஆகாது, 11.86. சுமார் 86 வருஷத்தில் ஒரு ராசி முன்னால் போய்விடும். ஹான் அரச காலத்து வானியல் அறிஞர் லியூ ஷின் 144 வருஷத்துக்கு ஒரு முறை ஒரு ராசியைத் தாண்டிவிட வேண்டும் என்று திருத்தம் வைத்தார், அதுவும் சரியில்லை. அப்புறம் வியாழனையே விட்டுவிட்டு வெறும் எண்ணிக்கையாக ஓட்டினார்கள். இதில் வானம் எங்கே?

கணக்குப்பிள்ளை:
உங்கள் மேற்கத்திய ராசி மட்டும் விண்மீனில் நிற்கிறதா? மார்ச் 21-ல் மேஷம் என்கிறீர்கள், அன்று சூரியன் இருப்பது மீன விண்மீன் கூட்டத்தில். மேஷக் கூட்டத்துக்குப் போக ஏப்ரல் 18, 19 ஆகிவிடும். விண்மீன்களை விட்டு உங்கள் ராசி 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி நழுவுகிறது. சீன நாள்காட்டியும் அதே சூரியனைத்தான் பிடித்திருக்கிறது. சூரியன் நகரும் 15 டிகிரிக்கு ஒன்றாக 24 பருவப் புள்ளிகள், அதில் பாதி அப்படியே மேற்கத்திய ராசி பிறக்கும் நேரம். 2025-ல் ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 22 வரை ஓடிய சீன மாதத்தைப் பாருங்கள், முழு மாதமும் சூரியன் மேற்கத்திய சிம்மத்துக்குள்ளேயே இருந்தது, ராசி மாறவில்லை, அதனால்தான் அதை அதிக மாதமாக, அதாவது வருஷத்தில் கூடுதலாகச் சேரும் மாதமாக வைத்தார்கள்.

துருவன்:
மாதத்தைப் பற்றி யார் கேட்டது? நான் கேட்டது விலங்கு. 11.86. பதில் சொல்லுங்கள்.

அரசமரம்:
நம்முடைய பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷத்தைத்தானே சீனர்கள் எடுத்துக்கொண்டார்கள்? அதையும் கொஞ்சம் பேசுங்களேன்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, அவர்களுடையது பத்துக் குறிகள் ஒரு வரிசை, பன்னிரண்டு குறிகள் ஒரு வரிசை, இரண்டும் சேர்ந்து ஓடி வரும் அறுபது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஷாங் அரச காலத்துக் குறி கேட்கும் எலும்புகளிலேயே நாள் எண்ணுவதற்காகப் பொறித்திருக்கிறது. எல்லாவற்றையும் நம் வீட்டுப் பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள்.

அரசமரம்:
தமிழன் பெருமை பேசினாலே உங்களுக்கு எரியும், போன தடவையும் இப்படித்தான்.

பினாங்குக்காரன்:
துருவன், நம் நட்சத்திரங்களைப் போல சீனர்களுக்கும் வானத்தைப் பிரித்த 28 நட்சத்திர மனைகள் இருக்கின்றன. நாம் கேட்டை என்கிற சிவப்பு விண்மீன்தான் அவர்களுக்கு டிராகனின் இதயம். வானம் இல்லையாம்!

துருவன்:
அது வேறு, விலங்கு வருஷம் வேறு. அந்த 28-ஐ நான் எப்போது மறுத்தேன்? 11.86-க்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. சரி, வேறு விதமாகக் கேட்கிறேன். 1990 ஜனவரி 30-ல் பிறந்தவர் குதிரையா, பாம்பா?

பினாங்குக்காரன்:
குதிரை. அந்த வருஷம் சீனப் புத்தாண்டு ஜனவரி 27. இங்கே எந்தச் சீன வீட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை:
சீன ஜாதகம் பார்ப்பவரிடம் கேளுங்கள், முந்தைய வருஷத்துப் பாம்பு என்பார். அவர்களுக்கு வருஷம் பிறப்பது பிப்ரவரி 4 வாக்கில், சூரியன் தன் பாதையில் 315 டிகிரியைத் தொடும்போது. அதுவும் வானம்தான்.

பினாங்குக்காரன்:
பக்கத்து வீட்டில் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கே பாடமா?

துருவன்:
முதலில் நீங்கள் இரண்டு பேரும் குதிரையா பாம்பா என்று பேசி முடித்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருப்பேன்.