ஆர்-22 கேஸ்: ஓசோன் காசு யாருக்குப் போகுது?

காரைக்குடி மெக்கானிக்:
கானாடுகாத்தான்ல ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலா மாத்தியிருக்காங்க, எட்டு ஏசியும் ஓசோனை அரிக்கிற பழைய கேஸ் ஆர்-22, ஒண்ணுல செப்புக்குழாய் இணைக்கிற ஃபிளேர் நட்டு பக்கம் எண்ணெய் கசிஞ்சு தூசி அப்பிக் கெடக்கு, கேஸ் விலையச் சொன்னா ஓனருக்கு பகீர்ங்குது. ஓசோனுக்குன்னு உலக நாடுக காசு குடுக்குதாமே, அது யாருக்குண்ணே போகுது?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
தம்பி, அது ஓசோனை அரிக்கிற கேஸை நிறுத்த நாடுக போட்ட மாண்ட்ரீல் ஒப்பந்தத்தோட பலதரப்பு நிதி, 1991லேர்ந்து இருக்கு. பணக்கார நாடுக மூணு வருஷத்துக்கு ஒருக்கா நிரப்பணும், 2024-26க்கு 96.5 கோடி டாலர். சும்மா தூக்கிக் குடுத்துர மாட்டாங்க, இந்த கேஸை எந்த வருஷம் எவ்வளவு குறைப்போம்னு நாம திட்டம் போட்டுக் காட்டணும், 14 நாட்டுக் கமிட்டி பாத்து (ஏழு அவங்க, ஏழு நம்மள மாதிரி) தவணை தவணையாத்தான் விடும். வீடு கட்ட பேங்க் லோன் விடுற கதைதான்.

தேவகோட்டை கூலிங்:
பெரும்பணம் ஃபேக்டரி மாத்தத்தான் போகும், நமக்கு ட்ரெய்னிங்தான். 2030ல ஆர்-22 நிறுத்தம், அப்புறம் 2040 வரை சர்வீஸுக்கு மட்டும் கொஞ்சூண்டு. மொதல்ல அந்தக் கசிவ அடைங்கண்ணே. அவசரத்துல புது ஏசிக்கான ஆர்-32 கேஸ ஏத்திராதீங்க, அது தீப்பிடிக்கிற சரக்கு, மெஷினும் அதுக்குச் செஞ்சதில்ல.

காரைக்குடி மெக்கானிக்:
சரிண்ணே, நாளைக்கு நைட்ரஜன் அடிச்சு சோப்புத்தண்ணி வச்சுப் பாக்குறேன்.