அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய், வைட்டமின் டி கொடுக்கலாமா?

சிப்புட் பையன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரமாகக் கேட்கிறேன். அப்பாவுக்கு 63 வயது, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். போன மாதம் ஈப்போவில் ஸ்கேன் எடுத்துக் கணையத்தில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்த வாரம் கீமோ, ஜெம்சிடாபின் மருந்து. பக்கத்து லயத்து மாமா, வைட்டமின் டி கட்டியைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி 50,000 யூனிட் மாத்திரை ஒரு டப்பா வாங்கிக் கொடுத்து, தினம் ஒன்று போடச் சொல்கிறார். அப்பா ஆசையாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பார்மசி அக்கா:
வேண்டாம் தம்பி, டப்பாவை எடுத்து வையுங்கள். மாமா சொல்வதற்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருப்பது உண்மை. 2014இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழு செய்தது. கணையக் கட்டியைச் சுற்றித் தழும்பு மாதிரி கெட்டியாகத் திசு வளர்ந்து கீமோவை உள்ளே விடாது. அந்தத் திசுவை உண்டாக்கும் செல்களில் வைட்டமின் டி வந்து ஒட்டும் இடம், அதாவது ஏற்பி, இருக்கிறது. வைட்டமின் டி மாதிரி செய்த கால்சிபோட்ரியால் என்ற மருந்தை எலிகளுக்குக் கொடுத்ததும் அந்தச் செல்கள் அடங்கின, ஜெம்சிடாபின் கட்டிக்குள் கூடுதலாகப் போனது, எலிகள் அதிக நாள் உயிரோடு இருந்தன. ஆனால் எல்லாம் எலிகளிடம். கால்சிபோட்ரியால் சொரியாசிஸ் களிம்பில் இருப்பது, மாமா கொடுத்தது வேறு. அப்புறம் பாரிகால்சிடால் என்ற இன்னொரு வகையை மனிதர்களிடமும் சோதித்தார்கள், இன்றுவரை அது வழக்கமான சிகிச்சையாகவில்லை. தினம் 50,000 போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மனக்குழப்பம், கிட்னி பாதிப்பு வரை போகும். கீமோ நேரத்தில் வாந்தி எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

பஹாவ் அண்ணன்:
அக்கா சொல்வது சரி. என் அம்மாவுக்கும் இதே நோய்தான் தம்பி, அதனால் ஒன்று கேட்கிறேன், அப்பாவுக்கு மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறதா, சாப்பிட்டும் மெலிகிறாரா? கணையநீர் குறைந்தால் கொழுப்பு செரிக்காது, கொழுப்போடு சேரும் வைட்டமின் டியும் உடம்பில் ஒட்டாது. அம்மாவுக்குச் சாப்பாட்டோடு போட என்சைம் கேப்சூல் கொடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் கொஞ்சம் சோறு இறங்கியது. இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், வைட்டமின் டி அளவையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் எவ்வளவு போடுவது என்று அவர்களே சொல்வார்கள்.

சிப்புட் பையன்:
ஆமாம் அண்ணே, மிதக்கிறது, நாங்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். 9 கிலோ குறைந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது டப்பாவையும் காட்டிக் கேட்கிறேன். மாமாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், பாவம், அவரும் அப்பாவோடு ஒரே நிரையில் மரம் சீவியவர்.